ரெசிப்பி அதேதான், ஷேடு வேற

2018இல் பல்லடம், அவிநாசி பக்கத்துக் கிணறுகளின் உப்பளவை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தேன். 400 கிணறுகளில் 40ஐ, புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழியில் நான் எழுதிய நிரல் குலுக்கிப் பொறுக்கும். அந்த 40ஐ வைத்து மற்றதைக் கணிக்கும். கட்டுரை வந்தது. நிரலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டு மறந்தும் போனேன். 2021இல் ஒரு ஆராய்ச்சி மாணவி கூப்பிட்டார். "சார், உங்க நிரலை அப்படியேதானுங்க ஓட்டினேன். கட்டுரையில இருக்கிற எண் வரலைங்க." எனக்குச் சுருக்கென்றது. தரவில் எங்கோ கை வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை.

குலுக்கல் என்றால் தடவைக்கு ஒன்றுதானே வரும் என்று கேட்கலாம். கணினியின் குலுக்கல் அப்படிப்பட்டதல்ல. விதை என்று ஒரு எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து ஒரு கணக்குப்படி மற்ற எண்கள் வரிசையாக முளைக்கும். விதை அதுவே என்றால் வரிசையும் அதுவே. நான் 42ஐ விதையாகப் போட்டிருந்தேன். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நான் ஓட்டிய காலத்தில் ஆர், 0க்கும் 1க்கும் இடையிலான ஒரு தசம எண்ணைப் பட்டியலின் நீளத்தால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு ஆளைப் பொறுக்கியது. பட்டியல் மிகப் பெரிதானால் இதில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு விழும். 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து அதே 42க்கு வேறு கிணறுகள் வரும். பழைய முறையே வேண்டும் என்று கேட்க ஒரு கட்டளையும் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு, எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்று தெரிய வேண்டுமே. அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

என் மச்சினன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருக்கிறான். கதையைக் கேட்டுச் சிரித்தான். "ரெசிப்பி மட்டும் குடுத்தா ஷேடு வந்துருங்களா மாமா? தண்ணி எந்தத் தண்ணி, சாயம் எந்த லாட், சோடாவை எப்பப் போட்டீங்க, இதெல்லாம் யாரு சொல்றது?" பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பு, சாயத்தை நூல் பக்கம் தள்ளும்; சோடா விழுந்த பிறகுதான் சாயம் நூலோடு பிணையும். சோடா முந்திக்கொண்டால் துணி திட்டுத்திட்டாகிவிடும். சரக்கெல்லாம் ஒன்று, போட்ட வரிசைதான் வேறு.

கணினிக்கும் வரிசை பெரிய விஷயம். அது தசம எண்களைச் சுமார் 16 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 1க்குப் பின் 16 சுழியம் போட்ட எண்ணோடு 1ஐக் கூட்டி, அந்தப் பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள்: விடை 0. பெரியதிலிருந்து பெரியதை முதலில் கழித்துவிட்டு 1ஐக் கூட்டினால் விடை 1. ஒரு பெரிய கூட்டலை எட்டுச் செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், எது முதலில் முடிகிறதோ அதைப் பொறுத்துக் கடைசி இலக்கங்கள் ஆடும்.

இதைவிட வேடிக்கை 2019இல் வெளிவந்தது. மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் 2014 முதல் பயன்படுத்திவந்த பைத்தான் நிரல் ஒன்று, கணினிக்குக் கணினி வேறு விடை தருவதை ஹவாய் பல்கலைக்கழகத்தில் கவனித்தார்கள். நிரல், கோப்புகளை இயங்குதளம் கொடுத்த வரிசையிலேயே படித்தது. அந்த வரிசை விண்டோசில் ஒன்று, லினக்சில் ஒன்று. அடுக்கிவிட்டுப் படி என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரிக்கு ஐந்து வருடம்.

சரி, நிரலின் லாட் எண்ணை, அதாவது எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்பதை, எப்படி எழுதி வைப்பது? கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1912இல் தொடங்கிய நம் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ரகங்கள் ஊர்ப் பெயரோடும் எண்ணோடும்தான் வயலுக்குப் போகின்றன: கோ 86032 என்றால் முன்னால் இருக்கும் 86 ஆண்டைச் சொல்லும். தாய் தகப்பன் ரகம் எது என்றும் பதிவு இருக்கும். மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார் என்று குறித்துக்கொள்ளும் கிட் என்ற கருவி அந்த வம்சாவளியை வைத்திருக்கிறது. ஆர் மொழிக்கு ரென்வ் என்றொரு கருவி, பயன்படுத்திய ஒவ்வொரு நூலகத்தின் (பிறர் எழுதி வைத்த துணை நிரல் தொகுப்பின்) பதிப்பையும் ஒரு கோப்பில் பூட்டிவிடும். ஆனால் அது ஆரின் பதிப்பைக் குறித்துக்கொள்ளுமே தவிர, அந்தப் பழைய ஆரைக் கொண்டுவந்து தராது. அதற்கு டாக்கர் போன்ற கொள்கலன் வேண்டும்: இயங்குதளத்தின் கோப்புகள், ஆர், நூலகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில். ராக்கர் திட்டத்தார் ஆரின் பழைய பதிப்புகளுக்கும் இப்படிப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டியை எடுக்கும்போது 'லேட்டஸ்ட்' என்ற சீட்டை நம்பக் கூடாது. நாளைக்கு அதே சீட்டு வேறு பெட்டியில் ஒட்டியிருக்கும்.

இதையெல்லாம் நான் தனியாகச் செய்யவில்லை. மாணவியைத் திட்டி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்ட அடுத்த கேள்வி: "இதை நான் திருத்தலாமுங்களா?" உரிமக் குறிப்பு என்று நான் ஒன்றுமே வைத்திருக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நிரலும் இலக்கியப் படைப்புதான். என் அனுமதியின்றி அதை மாற்றி வெளியிட யாருக்கும் உரிமையில்லை. கதவைத் திறந்து வைத்திருப்பதாக நான் நினைத்திருந்தேன், பூட்டு தொங்கியிருக்கிறது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்ஐடி உரிமத்தை அன்றே போட்டேன்.

நிறுவும் முறையை அவரையே தமிழில் எழுதச் சொன்னேன். எழுதியவனுக்கு எல்லாம் தெரிந்திருப்பதால் எது விட்டுப்போனது என்று தெரியாது. 2016இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் இதழிலும் மதிப்பாய்வாளர்கள் மென்பொருளைத் தங்கள் கணினியில் நிறுவித்தான் பார்க்கிறார்கள், அதுவும் எல்லார் கண்ணெதிரே. அப்புறம் ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார், தமிழில் கோப்புப் பெயர் இருந்தால் நிரல் நின்றுவிடுகிறது என்ற புகாரோடு. அதைத் திருத்தியதும் அவரேதான். யார் எதை மாற்றினாலும், ஒன்றுமே நிறுவாத புதுக் கணினியில் சோதனைகள் தானாக ஓடிப் பார்த்த பிறகுதான் சேர்க்கிறோம். இப்போது ஏழு பேர். ஓடவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பதில், முதலில் நம் குறிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்குள் இருப்பது இந்த ஒரு விதிதான்.

போன மாதம் பழைய ஆர் பெட்டியைத் திறந்து ஓட்டினோம். 40 கிணறும் அச்சாக வந்தன. சராசரி மட்டும், செயலி வேறான ஒருவரின் மடிக்கணினியில் கடைசி இலக்கத்தில் விலகியது. மச்சினனிடம் சொன்னேன். "டெல்டா ஈ ஒண்ணுக்குள்ள இருந்தா எங்க பையர் பாஸ் பண்ணிருவாருங்க மாமா" என்றான். இரண்டு நிறத்துக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் அளவு அது. எங்கள் சோதனைக்கு எத்தனையாவது இலக்கம் வரை பாஸ் என்று ஏழு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.