அம்மா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லையே, டாக்டரம்மா

"சிலைடு மாறிப்போயிருக்கும். இன்னொரு தடவை பாருங்கள், டாக்டரம்மா. அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை."

அம்மாவுக்கு ஈரல் புற்றுநோய் என்று நான் கொடுத்த முடிவை நம்ப முடியாமல், போன வாரம் ரங்கூனில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு மகன் கேட்டது இது. இந்த மழைக்காலத்தில் மட்டும் இதே பேச்சை நான்காவது தடவையாகக் கேட்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தத் தம்பிக்காக சிலைடை, அதாவது அம்மாவின் ஈரலிலிருந்து ஊசியில் எடுத்த சதையைச் சீவி வைத்த கண்ணாடித் துண்டை, எடுத்து மறுபடியும் பார்த்தேன். மாறவில்லை.

புற்றுநோய் செல் என்றால் பார்த்ததுமே பூதம் போலத் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஈரல் புற்று பல நேரம் அப்படி இருக்காது. நல்ல ஈரல் செல்லைப் போலவே பலகோண வடிவம், இளஞ்சிவப்பு உடல், நடுவில் உருண்டையான கரு. சில செல்கள் பித்தநீர்கூடச் சுரக்கும். செல்களுக்கு நடுவே அது பச்சையும் பழுப்புமாகத் திரண்டு நிற்பதைப் பார்த்தாலே, இது ஈரலிலேயே பிறந்த புற்று, வேறெங்கிருந்தோ பரவி வந்ததில்லை என்று எங்களுக்குப் பிடிபட்டுவிடும். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவை நிற்கிற வரிசைதான். நல்ல ஈரலில் ஒரு செல், மிஞ்சினால் இரண்டு செல் தடிமனில் வரிசைகள் ஓடும், இடையில் ரத்தம் போகிற சந்துகள் இருக்கும். புற்றில் அந்த வரிசை நான்கு, ஐந்து, பத்து செல் என்று தடித்துக்கொண்டே போகும். வெள்ளிச் சாயம் ஏற்றினால் நல்ல ஈரலின் ஒவ்வொரு வரிசையையும் தாங்கிப் பிடிக்கும் கறுப்பு நூல்கள் தெரியும். இந்த அம்மாவின் சிலைடில் அந்த நூல்கள் பாதிக்கு மேல் காணோம். கருக்கள் பெருத்து நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, துணைக்குப் பித்தக்குழாய் இல்லாமல் தமனிகள் தனியாக ஓடின.

(மருத்துவமனை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசியில் எடுத்த அந்த நூலளவு சதையை உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பாதீர்கள், சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போடுங்கள். அழுகிய சதையில் வரிசையை எப்படி எண்ணுவது?)

அப்புறம் புற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச ஈரலைப் பார்த்தேன். அங்கே சில செல்கள் மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக, கரு ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தன. ஓர்சீன் சாயம் போட்டதும் அந்த மங்கல் பழுப்பாகத் தெரிந்தது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம், இங்கே எல்லோரும் 'பீ போ' என்கிறார்களே, அதே கிருமி. ரத்தச் சோதனையும் அதைத்தான் சொன்னது.

குடி ஈரலைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் குடிக்காதவருக்கு ஈரல் புற்று வராது என்ற எண்ணம்தான் எங்களிடம் ஆட்களைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. 2015இல் இந்த நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இந்த வைரஸ் இருந்தது. அவர்கள் எல்லோரும் குடிகாரர்களா? பிறக்கும்போது தாயிடமிருந்து ஒட்டினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும், வளர்ந்த பிறகு ஒட்டினால் பெரும்பாலோர் உடம்பு தானே துரத்திவிடும். அந்த அம்மாவுக்கு அனேகமாகத் தொட்டிலிலேயே வந்திருக்கும். நாற்பது ஐம்பது வருஷம் வலி இல்லை, காமாலை இல்லை, விரதமும் தீமிதியுமாக நல்லபடியாகத்தான் இருந்தார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பி வைரஸ் இருந்தால் ஈரல் சுருங்காமலேயேகூடப் புற்று வரலாம். "ஸ்கேனில் ஈரல் சுருங்கவில்லை, ஒன்றுமில்லை" என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஆகவே வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், கணவன் மனைவி எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் தடுப்பூசி போடுங்கள். இங்கே குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டதே இல்லை. கர்ப்பிணிகள் கட்டாயம் சோதிக்க வேண்டும், குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வைரஸ் இருப்பவர்களில் யாருக்கு மாத்திரை வேண்டும், யார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை ஈரல் மருத்துவர் சொல்வார். வைரஸை அடக்கிவைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று தாங்களாகவே நிறுத்தினால் வைரஸ் திரும்பி அடிக்கும். நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன் என்கிறீர்கள். காமாலைக்கு நம் பாட்டி கொடுத்தது, அந்தப் பிரியம் எனக்கும் புரிகிறது, ஆனால் இந்த வைரஸை அது விரட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தும் சாப்பிடாதீர்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு பி வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வறுத்தால் அது முழுக்கப் போகாது.

அந்தத் தம்பியிடம் கடைசியில் சிலைடையே காட்டினேன், மங்கலான செல்கள் எவை என்று விரலால் தொட்டுக் காட்டினேன். வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "என் தங்கை ஏழு மாதம், டாக்டரம்மா" என்றார். மறுநாள் காலையிலேயே அழைத்து வரச் சொன்னேன், வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் இருக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், குழந்தைக்குத் தடுப்பூசியும், வைரஸை எதிர்க்கும் ஆயத்தப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிரசவ அறையிலேயே தயாராக இருக்க வேண்டும் என்று.