எஸ்.பி.ஐ.ஆர். விண்ணப்பம்: உங்கள் கம்பெனியைப் பற்றி அரசு என்னென்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது?

நண்பர்கள் இருவர் சேர்ந்து நியூஜெர்சியில் ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. இன்னொருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். ஆளுக்குப் பாதி என்று பங்கைப் பிரித்துக்கொள்கிறார்கள். நட்புக்கு அது நியாயம்தான். ஆனால் சிறு நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்.பி.ஐ.ஆர். என்ற ஆராய்ச்சி நிதிக்கு இந்தக் கம்பெனி தகுதி பெறாது. குடிமக்களோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களோ "50 சதவீதத்துக்கு மேல்" வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சரியாக 50 என்றால் அது மேல் ஆகாது. 51-க்கு 49 என்று பிரித்து, நிர்வாகக் கட்டுப்பாடும் கிரீன் கார்டு வைத்திருப்பவரிடமே இருந்தால் இந்தத் தடை விலகிவிடும்.

நல்ல யோசனையும் உழைப்பும் இருந்தும், இப்படிப் படிவத்தின் ஒரு கட்டத்தில் தடுக்கி விழுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சித் திட்டத்தை எழுத இரண்டு மாதம் செலவிடுகிறார்கள். கம்பெனி விவரத்தை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி முன்னோட்டமாகத் தொடங்கியது இது. 1982-ல் சட்டமாகி மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. வெளியாரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கும் ஒவ்வொரு மத்தியத் துறையும், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். பாதுகாப்புத் துறை, தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். அடங்கிய சுகாதாரத் துறை, எரிசக்தித் துறை, நாசா என்று 11 துறைகள் இதில் உண்டு. இது கடன் இல்லை, கம்பெனியில் பங்கும் கேட்க மாட்டார்கள். யோசனை வேலை செய்யுமா என்று பார்ப்பது முதல் கட்டம், அதை வளர்த்தெடுப்பது இரண்டாம் கட்டம். 2024 அக்டோபரில் திருத்திய கணக்குப்படி, தனி அனுமதி கேட்காமல் துறைகள் தரக்கூடிய உச்ச அளவு முதல் கட்டத்துக்கு 3,14,363 டாலர், இரண்டாம் கட்டத்துக்கு 20,95,748 டாலர். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்வதற்கு எஸ்.டி.டி.ஆர். என்ற உடன்பிறப்புத் திட்டமும் இருக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இது நிரந்தரச் சட்டம் அல்ல, நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துத் தருவது. 2022-ல் தந்த நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30 வரைதான். அன்று நீட்டிப்பு வராததால் அனுமதி காலாவதியானது. அதனால் எந்தத் துறைக்கு எழுதுகிறீர்களோ, அந்தத் துறையின் அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, விவரம் சேகரிக்கும் வேலைக்கு வருவோம். பணம் தருவது துறைகள். யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, அப்புறம் என்ன ஆயிற்று என்ற கணக்கை ஓரிடத்தில் வைத்திருப்பது எஸ்.பி.ஏ. எனப்படும் சிறுதொழில் நிர்வாகம். விண்ணப்பிக்கும் கம்பெனி எல்லாம் எஸ்.பி.ஐ.ஆர். தளத்தில் உள்ள நிறுவனப் பதிவேட்டில் பதிய வேண்டும். கம்பெனியின் பெயர், முகவரி, ஊழியர் எண்ணிக்கை, உரிமையாளர்கள் யார், துணை நிறுவனங்கள் உண்டா, முதலீட்டு நிதிகளின் பங்கு பாதிக்கு மேல் இருக்கிறதா, பெண்கள் நடத்தும் நிறுவனமா என்றெல்லாம் கேட்பார்கள். முடிந்ததும் ஒரு அடையாள எண்ணும் ஒரு பி.டி.எஃப். கோப்பும் கிடைக்கும். அந்தக் கோப்பை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டில் உட்கார்ந்து நிரப்ப அதிக நேரம் ஆகாது. நேரத்தை விழுங்குவது அதற்கு முந்தைய படிகள். முதலில் வரித்துறையிடம் ஈ.ஐ.என். என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். அப்புறம் சாம் என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிந்து, யு.இ.ஐ. என்ற 12 எழுத்து நிறுவன அடையாள எண்ணை வாங்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை டன்ஸ் என்ற பழைய அடையாள எண் இருந்த இடத்தில் இப்போது இருப்பது இதுதான். சாமில் கம்பெனியின் பெயரையும் முகவரியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வீடு மாறியபின் மாநிலப் பதிவில் பழைய முகவரியையே விட்டுவைத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். என்.ஐ.எச்.-க்கு என்றால் மத்திய அரசு நிதிகளுக்கு விண்ணப்பிக்கும் கிராண்ட்ஸ் தளத்திலும், என்.ஐ.எச்.-ன் சொந்தத் தளமான இ.ஆர்.ஏ. காமன்ஸிலும் தனித்தனிக் கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். என்.ஐ.எச்.-ன் வழக்கமான கெடு ஜனவரி 5, ஏப்ரல் 5, செப்டம்பர் 5. செப்டம்பருக்கு அனுப்ப நினைப்பவர் ஜூலையிலேயே சாமில் இருக்க வேண்டும். அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

இதில் எந்தப் பதிவுக்கும் ஒரு காசும் கட்டணம் கிடையாது. சாமில் பதிந்த சில நாளிலேயே, "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, பணம் கட்டுங்கள்" என்று அரசுக் கடிதம் மாதிரியே மின்னஞ்சல்கள் வரும். அவை தனியார் அனுப்புபவை. தயவுசெய்து கட்டாதீர்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர், ஆய்வுக் கட்டுரையில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் தளத்திலும் அதே எழுத்தில் போடுங்கள்.

இப்போது மீண்டும் உரிமைக்கு வருகிறேன். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கம்பெனி லாப நோக்குள்ளதாக, அமெரிக்காவில் இயங்குவதாக இருக்க வேண்டும். ஊழியர் 500 பேருக்கு மேல் போகக்கூடாது, துணை நிறுவனங்களின் ஆட்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கோயம்புத்தூரில் இருக்கும் தாய்க் கம்பெனி 60 சதவீதம் வைத்துக்கொண்டு டெக்சாஸில் ஒரு கிளை திறந்தால், அந்தக் கிளைக்கு எஸ்.பி.ஐ.ஆர். கிடையாது. ஆராய்ச்சி வேலையும் அமெரிக்காவுக்குள் நடக்க வேண்டும். மாதிரிக் கருவியைச் சென்னையில் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று பட்ஜெட் போட்டால் அது நிற்காது. அரிதான காரணம் இருந்தால் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வழி உண்டு, அவ்வளவுதான்.

ஒரு ஆறுதல் இருக்கிறது. உரிமைத் தகுதியைப் பொதுவாக நிதி வழங்கும் நாளில்தான் பார்க்கிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் அல்ல. மேலே சொன்ன இரண்டு நண்பர்களும் வழக்கறிஞரைக் கலந்து, இடைப்பட்ட மாதங்களில் பங்கைத் திருத்திக்கொள்ளலாம். எச்-1பி-யில் இருப்பவரின் உழைப்பும் வீணாகாது. என்.ஐ.எச்.-ல் முதன்மை ஆய்வாளராக இருக்கக் குடியுரிமை தேவையில்லை. விதி கேட்பது, அவருடைய முதன்மையான வேலை இந்தக் கம்பெனியில் இருக்க வேண்டும், அதாவது பாதி நேரத்துக்கு மேல் இங்கே உழைக்க வேண்டும் என்பதை. அவருடைய விசா இதற்கு இடம் தருகிறதா என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2022 சட்டத்துக்குப் பிறகு வந்தது வெளிநாட்டுத் தொடர்புப் படிவம். சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகியவற்றைக் கவலைக்குரிய நாடுகள் என்று வைத்து, அவற்றோடு முதலீடு, கூட்டு நிறுவனம், திறமையாளர் ஈர்ப்புத் திட்டம், கடந்த ஐந்து ஆண்டில் தொழில்நுட்ப விற்பனை ஏதாவது உண்டா என்று கேட்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நமக்கென்ன என்று எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். வணிக ஒப்பந்தம், கடன் பற்றிய ஒரு கேள்வி எந்த வெளிநாட்டு நிறுவனத்தையும் உள்ளடக்கியது. திருப்பூரில் ஒரு ஆலையோடு கூட்டாக வேலை செய்ய உடன்படிக்கை போட்டிருந்தால் எழுதியாக வேண்டும். எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை, ஆபத்து உண்டா என்று அதற்கப்புறம்தான் பரிசீலிப்பார்கள். முக்கியமான விஷயத்தை மறைத்தது தெரியவந்து, அது தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று துறை கருதினால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

கொடுத்த விவரமெல்லாம் எங்கே போகிறது? நிதி கிடைத்தால் கம்பெனியின் பெயர், திட்டத் தலைப்பு, தொகை, ஆய்வுச் சுருக்கம் எல்லாம் பொதுத்தளத்தில் வரும், யாரும் படிக்கலாம். அதனால் சுருக்கத்தில் உங்கள் தொழில் ரகசியத்தை எழுதிவிடாதீர்கள். நான் படித்த சுருக்கங்கள் சிலவற்றில், எந்த வேதிப்பொருளை எந்த வெப்பநிலையில் சேர்க்கிறார்கள் என்பது வரை இருந்தது. மனம் பதறியது. விண்ணப்பதாரர் தகவலும், பின்னாளில் நீங்கள் தரும் விற்பனைக் கணக்கும் அரசின் உள் பயன்பாட்டுக்கான தரவுத்தளத்தில் இருக்கும். பலமுறை நிதி பெற்ற கம்பெனிகளை அளப்பது இதை வைத்துத்தான். ஐந்து ஆண்டில் 20-க்கு மேல் முதல் கட்ட நிதி வாங்கியவர், நான்குக்கு ஒன்றாவது இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். புதியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாக ஒரு உரிமை, அதிகம் பேர் கவனிக்காதது. 1980-ல் வந்த காகிதவேலைக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்வியை ஒரு மத்தியத் துறை கேட்க வேண்டுமானால், வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திடம் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் அதிகபட்சம் மூன்று ஆண்டு. புதுப்பிக்கும்போது அரசிதழில் 60 நாள் அறிவிப்பும், பிறகு 30 நாள் அறிவிப்பும் வரும். இந்தப் படிவத்தை நிரப்ப சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று துறை போட்ட மதிப்பீடும் அதில் இருக்கும். அந்த மதிப்பீடு சரியா, கேள்வி தேவையா என்று யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். பதிவு செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அறிவிப்பு வரும்போது அந்த எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள்.