அந்த வண்டு தென்னையைத் துளைக்காது, அதை விட்டுவிடுங்கள்

போன வாரமும் ஒரு தென்னை விவசாயி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மேய்ச்சல் காட்டில் கிடந்த சாணி மேலெல்லாம் மருந்தடித்து, செத்த வண்டுகளைக் கூட்டிக் குவித்து, "காண்டாமிருக வண்டைக் கூண்டோடு ஒழிச்சாச்சு சார்" என்று ஒரு வரி. அத்தனையும் சாணி வண்டு. எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் நாலு மழை விழுந்ததும் இதே கதைதான், வயிறு எரிகிறது.

கொம்பைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். சாணி வண்டிலும் பல இனங்களில் ஆணுக்குக் கொம்பு உண்டு. கொம்பை விடுங்கள், தலையின் முன்விளிம்பைப் பாருங்கள். மண்வெட்டி மாதிரி அகலமாகத் தட்டையாக இருந்து வாயை மூடியிருந்தால் அது சாணி வண்டு. அந்த வாய்க்குள் தாடையின் வெட்டும் முனை வெறும் சவ்வு. ஈரச் சாணியைப் பிழிந்து, நுண்ணுயிர் நிறைந்த சாற்றையும் பொடித் துகளையும் மட்டும்தான் அது உண்ணும், வைக்கோல் நாரைக்கூட மெல்ல முடியாது. அந்த வாயா தென்னங்குருத்தைத் துளைக்கும்? மெல்லும் தாடை அதன் புழுவுக்குத்தான் இருக்கிறது, அதுவும் தாய் மண்ணுக்குள் செய்துவைத்த சாணி உருண்டையைத் தின்றே வளர்ந்து, வண்டான பிறகுதான் வெளியே வரும். எருக்குழியில் விரல் பருமனில் சுருண்டு கிடக்கிறதே வெள்ளைப் புழு, அதைக் காண்டாமிருக வண்டின் புழு என்று சந்தேகப்படுங்கள், சரி.

சாணி வண்டின் கதையும் பழசு: மட்கிய இலையும் பூஞ்சையும் தின்ற முன்னோர் வண்டுகளில் ஒரு கிளை சாணிக்கு மாறியது என்கிறார்கள். பாலூட்டிகள் பெருகிய பிறகுதான் இது நடந்தது என்று ஒரு தரப்பு இன்றும் வாதிடுகிறது. ஆனால் அமெரிக்காவின் மான்டானாவில் கிடைத்த, 7 கோடி ஆண்டுக்கும் பழைய டைனோசர் சாணப் புதைபடிவங்களில் சாணி வண்டு தோண்டிய வளைகள் இருப்பதாக 1996இல் ஆய்வாளர்கள் கேரன் சின், புரூஸ் கில் இருவரும் எழுதினார்கள். எந்தச் சாணிக்குப் பழகியதோ அதில்தான் பல இனங்கள் நன்றாகப் பிழைக்கும் என்பதும் முக்கியம்: ஆஸ்திரேலியாவில் கங்காருப் புழுக்கைக்குப் பழகிய உள்ளூர் வண்டுகளால் மாட்டுச் சாணியைச் சமாளிக்க முடியவில்லை, மேய்ச்சல் நிலம் சாணியால் மூடிப்போய் ஈ பெருகியது. 1960களிலிருந்து அங்குள்ள சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாட்டு வண்டுகளை வரவழைத்து விட்டது. நாம் இங்கே சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்துக் கொல்கிறோம்.

மேய்ச்சல் சாணியில் மருந்தடிக்கவே அடிக்காதீர்கள். காண்டாமிருக வண்டுத் தொல்லை இருந்தால் எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள். அப்புறம், மாட்டுக்குக் குடற்புழு, உண்ணிக்காகப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது வாரக்கணக்கில் சாணி வழியே வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. போட்டே ஆகவேண்டும் என்றால், அந்த மாட்டை மட்டும் சில வாரம் காட்டுக்கு ஓட்டாமல் கொட்டகையில் கட்டித் தீவனம் போடுங்கள், தயவுசெய்து.