"சின்னப் பிடிப்புதான் சார்"

விளையாட்டு அணிகளுக்கு இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். தலைப்பில் உள்ள வாக்கியத்தை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். இம்முறை சொன்னவர் இருபது வயது தடுப்பாட்டக்காரர். கால்பந்து இறுதிப் போட்டியின் முதல் பாதியிலேயே, பந்தைத் துரத்தி ஓடியவர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தசை பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. மூன்று வாரமாகவே அங்கே இழுத்துக்கொண்டிருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "அணிக்காகத்தான் சார்" என்கிறார். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் பெருமையாகத் தலையாட்டுகிறார்.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கொஞ்ச நாள் ஓய்வு, படிப்படியான பயிற்சி என்று முடிந்திருக்கும். இனி மாதக்கணக்கு. ஒருமுறை கிழிந்த பின்தொடைத் தசை மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம்.

ஓர் அணியைப் பெரிய அணியாக்குவது எது என்று கேட்டால் ஒழுக்கம், உழைப்பு, ஒற்றுமை, நல்ல தலைமை என்பார்கள். எல்லாம் சரி. அப்புறம் 'தியாகம்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு 'வலியை மறைத்து ஆடுவது' என்று பொருள் கொண்டுவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைச் சொன்னால் உடனே கும்ப்ளேவை இழுப்பார்கள். 2002 ஆன்டிகுவா டெஸ்ட்டில் தாடை உடைந்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து 14 ஓவர் வீசினார், லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். எனக்கும் அது சிலிர்ப்பான காட்சிதான். ஆனால் அவர் எதை மறைத்தார்? தாடை உடைந்தது மருத்துவருக்குத் தெரியும், அணித்தலைவர் கங்குலிக்குத் தெரியும், எதிரணிக்கும் தெரியும். தெரிந்துதான் பந்தைக் கொடுத்தார்கள். மாற்று ஆட்டக்காரர் பந்துவீச அப்போது விதியும் இடம் தரவில்லை. பிறகு அறுவை சிகிச்சைக்காக ஊர் திரும்பினார். எல்லாரும் அறிந்து எடுத்த முடிவு அது. மூன்று வாரம் ரகசியமாக நொண்டிவிட்டு இறுதிப் போட்டியில் சரிந்து விழுவதோடு அதை ஒப்பிடாதீர்கள். தயவுசெய்து.

காயத்தை மறைப்பவர் தன் உடம்பை மட்டும் பணயம் வைப்பதாக நினைக்கிறார். பயிற்சியாளர் அவருடைய முழு வேகத்தை நம்பித் திட்டம் போடுகிறார். பக்கத்தில் ஆடுபவர் காரணம் தெரியாமலே இரண்டு பேர் ஓட்டத்தை ஓடுகிறார். முழுத் தகுதியோடு காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். இதில் தியாகம் எங்கே இருக்கிறது?

2014-இல் நடந்த இரண்டு கால்பந்து இறுதிப் போட்டிகளைப் பாருங்கள். மே 24, லிஸ்பனில் ஐரோப்பியக் கழக அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. அட்லெடிகோ மாட்ரிட் அணி, தொடைத் தசைக் காயத்திலிருந்து முழுதாகத் தேறாத டியகோ கோஸ்டாவை இறக்கியது. 9-ஆவது நிமிடத்திலேயே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றங்களில் ஒன்று அப்படிப் போனது. 93-ஆவது நிமிடத்தில் எதிரணியான ரியல் மாட்ரிட்டின் ராமோஸ் சமன் செய்ததும் கூடுதல் நேரம். அட்லெடிகோவிடம் மாற்றம் எதுவும் மிச்சமில்லை. தசைப்பிடிப்போடு ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார். 4-1 என்று தோற்றார்கள். தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காயம் இருப்பது ஊருக்கே தெரிந்திருந்தும் இந்த விலை. மறைத்திருந்தால்?

ஜூலை 13, உலகக் கோப்பை இறுதி. ஜெர்மனியின் கெதீரா, ஆட்டத்துக்கு முந்தைய உடற்பயிற்சியின்போது கெண்டைக்கால் பிரச்சினையால் விலகினார். உலகக் கோப்பை இறுதியில், கடைசி நேரத்தில்! அவருக்குப் பதில் வந்தவர் கிராமர். கிராமர் தலையில் அடிபட்டு 31-ஆவது நிமிடத்தில் வெளியேற, ஷூர்லே வந்தார். 113-ஆவது நிமிடத்தில் ஷூர்லே கொடுத்த பந்தைக் கோலாக்கியவர் கோட்ஸே. அவரும் மாற்றாக வந்தவர்தான். அந்தக் கோப்பையை வாங்கித் தந்தது பெஞ்ச்.

அதே ஆட்டத்தில் என் துறைக்காரர்களுக்கு உறுத்தலான ஒன்றும் உண்டு. கிராமர் அடிபட்ட பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடினார். இது இறுதிப் போட்டியா என்று நடுவரிடமே கேட்டார். தலையில் அடிபட்டவரிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டு அவர் பதிலை நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் வெளியே கூப்பிடுங்கள். அன்றைக்குத் திரும்ப இறக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். நான் பார்த்த நல்ல அணிகளும் அப்படித்தான், என் அறைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். யாருமே வராத அணியைப் பார்த்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கும்.

ஆட்டக்காரர்களே, வலி தொடங்கிய அன்றே சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வராதீர்கள், எனக்குத் தெரியாமல் நண்பர் கொடுத்த மாத்திரையைப் போடவே போடாதீர்கள். மூத்தவர்களே, முதலில் நீங்கள் வந்து சொன்னால்தான் சின்னவர்கள் வாய் திறப்பார்கள். பெற்றோரே, "இடம் போயிடும்" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலிக்கிறது என்று சொன்னவனை அடுத்த ஆட்டத்தில் தண்டிப்பது போல உட்காரவைத்தால், அதற்குப் பிறகு உங்கள் அணியில் ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள். தேறி வரும்போது அவனுடைய இடத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பைக் கொடுங்கள். வலி என்று யாராவது வந்தால், "ஆட முடியுமா?" என்று தொடங்க வேண்டாம். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டு என்னிடம் அனுப்புங்கள்.