முதலை என்று எழுதிய பையன்

“ஆன்ட்டி, முதலை!”

சிங்கப்பூரின் பிஷான் – அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றங்கரை. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பையன் கத்தியதும், சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாரும் கைப்பேசியை நீட்டினார்கள். அவனும் அப்பாவின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான். பிறகு பார்த்தால் படத்தில் பாதி புல், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் அவன் நோட்டில் இப்படி இருந்தது: ‘முதலை. என் ரெண்டு கை நீளம். நாக்கை நீட்டி நீட்டி இழுக்குது. நாக்கு நுனி ரெண்டா பிரிஞ்சிருக்கு.’

இது போதும். முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது. நுனி பிளந்த நாக்கை நீட்டிக் காற்றில் வாசனை பிடிப்பது நீர் உடும்பு. பெயரைத் தப்பாக எழுதினாலும் கண்ணால் பார்த்ததைச் சரியாக எழுதியிருந்தான். பெயரை அடித்துவிட்டு மாற்றி எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிள்ளைகளை நீர்நிலைகளுக்கு அழைத்துப்போவது என் வேலை. பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலியை முதலில் திறக்காதீர்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்கட்டும். என்ன நிறம், என்ன செய்தது, எத்தனை என்று எழுதட்டும், இல்லை வரையட்டும். பெயர் அப்புறம். திரையில் பெயர் வந்த நொடியே பிள்ளை அந்த உயிரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடுகிறது. இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

செயலிமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற செயலியில் பதிவேற்றும் படத்தை உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் பார்க்கிறார்கள். தேதியும் இடமும் சரியாக இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது ஆய்வுக்கு ஏற்ற பதிவாக உயரும். ஆரம்பத்தில் நானே ஒரு தப்பு செய்தேன். வீட்டுக்கு வந்து பதிவேற்றியபோது இடத்தைத் திருத்த மறந்துவிட்டேன். வரைபடத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தலையில் ஒரு நீர்நாய்க் குடும்பம்! சிரிப்பு ஒருபுறம் இருக்க, பிள்ளையின் படமென்றால் வீட்டு முகவரியே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பெற்றோர் கணக்கிலேயே ஏற்றுங்கள், இடக்குறியைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பிஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். இப்போது எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள், நீர்நாயைப் பார்க்க. அது கண்ணில் படாத நாளில் பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். சிங்கப்பூரில் வடிகால், கால்வாய், ஆறு எல்லாம் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. உங்கள் புளோக்குக்குப் பின்னால் ஓடும் லாங்காங்கும் (வடிகால்) அதில் சேர்ந்ததுதான்.

அங்கே என்ன இருக்கும் என்கிறீர்களா? தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் அல்லது புல் தண்டில், பபிள்கம்மை ஒட்டியதுபோல் இளஞ்சிவப்பு முத்துக் கொத்து இருக்கும். “யாரோ பெயின்ட் அடிச்சிட்டாங்க” என்றாள் ஒரு சிறுமி. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய ஒரு நத்தையின் முட்டை. நத்தை தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டை தண்ணீரில் மூழ்கினால் பொரிக்காது. அதனால் இரவில் மேலே ஏறி வந்து இட்டுவிட்டுப் போகிறது. முட்டைக்குள் நஞ்சு உண்டு, தொட வேண்டாம். அதே சிறுமி மறுவாரம் கொத்துகளை எண்ணினாள். பதினொன்றில் இரண்டு வெளிறியிருந்தன. பொரிக்கும் நாள் நெருங்கினால் நிறம் மங்கும். இதை நான் சொல்லித்தரவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். கால்வாய்க்குள் இறங்கக் கூடாது. வேறெங்கோ பெய்த மழை இங்கே சில நிமிடங்களில் தண்ணீரை உயர்த்திவிடும். பிஷானில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைத்திருப்பது அதற்காகத்தான். இடி கேட்டால் உடனே கிளம்பிவிடுவோம். ரொட்டி போடுவதும் கூடாது. காட்டுயிருக்கு உணவளித்தால் 2020 முதல் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அப்புறம், வீட்டில் வளர்த்து அலுத்துப்போன ஆமையை ‘பாவம், பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று ஆற்றில் விடுவதும் குற்றமே. பழகாத இடத்தில் பல செத்துப்போகும். பிழைப்பது உள்ளூர் உயிர்களோடு இரைக்குப் போட்டி போடும்.

நோட்டில் ‘இல்லை’ என்றும் எழுதச் சொல்வேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. “ஒண்ணுமே இல்லாததை எதுக்கு எழுதணும்?” என்பார்கள். ஒரு சிறுமி மட்டும் விடாமல் எழுதினாள். நவம்பர், ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களில் சிறு மீன்கொத்தி, ஒன்று, ஆரஞ்சு நிற வயிறு. மே, ஜூன், ஜூலையில் இல்லை, இல்லை, இல்லை. வீட்டில் காட்டியதும் பாட்டி நம்பவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊர் வாய்க்காலில் அது வருஷம் பூராவும் இருக்குமாம். “மீன்கொத்தி எங்கேடி போகும்? நீ சரியாப் பார்க்கல.”

இருவர் சொன்னதும் சரிதான். அங்கே அது உள்ளூர்ப் பறவை, இங்கே விருந்தாளி. செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வந்து ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். ஆண்டு முழுக்க இங்கே இருப்பது கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு வரும் அதன் பெரிய உறவுக்காரர்.

இந்தச் செப்டம்பரில் பாட்டியும் வருகிறாராம். முட்டி வலி என்பதால், பக்கத்தில் பெஞ்சு உள்ள இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.