பத்தலப்பல்லி ஏற்றமும் 250 வாட் ஸ்கூட்டரும்

பேரணாம்பட்டு பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சர்வீஸ் செய்பவனிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: “அண்ணா, வி.கோட்டா மேடு ஏற மாட்டேங்குது, ஆயிரம் வாட் மோட்டார் போட்டுக் குடுங்க.” கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம் என்று சொல்லி விற்ற சின்ன வண்டி. ஊருக்குள் ஓட்டச் செய்த வண்டியை, ஆந்திராவில் இருக்கும் வி.கோட்டாவுக்கு ஏறும் பத்தலப்பல்லி மலைச்சாலையில் மூட்டையோடு ஏற்றினால் அது மூச்சு வாங்கத்தான் செய்யும்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரத்தில் மட்டும் 1,100 வாட்டுக்கு மேல் வேண்டும். மோட்டாரிலும், அதற்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி கிட்டத்தட்ட 1,500 வாட் தரவேண்டும். 60 வோல்ட் வண்டியில் அது 25 ஆம்பியர். பழைய லெட்-ஆசிட் பேட்டரியில் அவ்வளவு கரன்ட்டைத் தொடர்ந்து இழுத்தால் லேபிளில் போட்ட ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, முழுசாகக் கிடைக்காது. பாதி மலையிலேயே வோல்டேஜ் சரிந்து வண்டி நின்றுவிடும். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

நம்பர் இல்லாத வண்டிக்குப் பெரிய மோட்டார் போட்டுத் தர நான் ஒத்துக்கொள்வதில்லை. மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே என்ற வரம்புக்குள் இருக்கும்வரைதான் லைசென்ஸ், நம்பர் வேண்டாம் என்ற சலுகை. மோட்டாரை மாற்றிய நிமிஷமே அது பதிவு செய்யவேண்டிய மோட்டார் வாகனம். பதிவுள்ள வண்டியிலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அபராதத்தைக்கூட விடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ யார் மேலாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்காரர் நஷ்டஈட்டைச் சொந்தக் கையிலிருந்துதான் கட்டவேண்டும். நிலத்தை விற்றால்தான் தீரும் தொகையாகவும் அது இருக்கலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெரிய மோட்டார் வந்தால் பெரிய கன்ட்ரோலர் வேண்டும், அதற்கேற்ற தடித்த வயர், கரன்ட் மிஞ்சினால் துண்டிக்கும் எம்சிபி, கனெக்டர் எல்லாம் வேண்டும். பழைய மெல்லிய வயரையே விட்டுவைத்தால் கனெக்டர் உருகிப்போகும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரின் முறுக்குவிசை முழுக்க ஆக்சிலில்தான் வந்து நிற்கிறது. 250 வாட்டுக்குச் செய்த ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) அதைத் தாங்காமல் ஆக்சில் சுழன்றுவிட்டால் மோட்டார் வயர் அறுந்து ஷார்ட் ஆகும், சக்கரமும் கழலலாம். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. இருபத்தைந்தில் போன வண்டி ஐம்பதில் இறங்கினால், நிறுத்தவேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

பேட்டரி மாற்றுவது வேறு கதை. அதைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் யாரிடம், எதை என்பதில் கவனம் வேண்டும். லெட்-ஆசிட்டை எடுத்துவிட்டு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை லித்தியம் போட்டால் வண்டியின் எடை இருபது கிலோவுக்கு மேல் குறையும், மேட்டில் வோல்டேஜும் அவ்வளவு சரியாது. பல பேருக்கு மோட்டாரைத் தொடாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வேலூர் வெயிலுக்கு நான் எல்எஃப்பியைத்தான் சொல்வேன். இன்னொரு லித்தியம் வகையான என்எம்சியைவிட (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) அதிகச் சூடு தாங்கும்.

ரொம்ப ஆபத்தான சிக்கனம் எது தெரியுமா? புது லித்தியம் பேட்டரிக்குப் பழைய சார்ஜர். “48 வோல்ட்தானே, இதுவும் 48 வோல்ட்தானே” என்பார்கள். லெட்-ஆசிட் சார்ஜர் 59 வோல்ட் வரை ஏற்றும். 13 செல் வரிசை உள்ள என்எம்சி பேக்குக்கு 54.6 வோல்ட்தான் உச்சம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிற்கவேண்டியது 4.5-க்குப் போகப் பார்க்கும். நடுவில் தடுத்து நிற்பது பிஎம்எஸ் என்ற, பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் ஒன்றுதான். மலிவு பேக்கில் அந்த பிஎம்எஸ்ஸையும் நம்ப முடியாது.

பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்த செல்களை ஒட்டி, மேலே நீல உறை மாட்டி, புதுசு என்று விற்கிறார்கள். செல்களை இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா, முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க ஒரு வழி உண்டு: துண்டுப் பட்டையைச் சாணைக்கல்லில் வையுங்கள், இரும்பு என்றால் பொறி பறக்கும். உங்கள் கண் முன்னால் இதைச் செய்து காட்டச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புச் சோதனை 2022 டிசம்பரிலிருந்து கட்டாயமாகியிருக்கிறது. அதில் தேறிய பேக்கா என்று கேளுங்கள், செல்லின் வகையையும் பேக்கின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

2022 மார்ச்சில் வேலூரிலேயே, இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதனால் படுக்கும் அறையிலோ, வெளியேறும் ஒரே வாசலை அடைத்தோ சார்ஜ் போடாதீர்கள். மலை ஏறி வந்த சூட்டோடும் வேண்டாம், அரை மணி நேரமாவது ஆறட்டும்.

வி.கோட்டாவிலிருந்து கீழே வருபவர்களுக்கு ஒன்று. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக் திருப்பி அனுப்பும் கரன்ட்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது, பிஎம்எஸ் துண்டித்துவிடும். அப்புறம் வளைவுகளில் மிஞ்சுவது டிரம் பிரேக் மட்டும்தான். எண்பது சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள்.