டான்ஸை நிறுத்தச் சொல்லி என்னிடம் சீட்டு கேட்காதீர்கள்

"மேடம், இந்த டான்ஸ் கீன்ஸ் எல்லாம் ஆடக்கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. காலேஜ்ல காட்டணும்."

தருமபுரியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். கல்லூரி ஆண்டு விழாக்கள் நெருங்க நெருங்க இந்தக் கோரிக்கை எனக்கு வந்துவிடும். போன வாரமும் வந்தது. கேட்டவர் ஒரு மாணவியின் அப்பா. குரூப் டான்ஸ் ரிகர்சலில் மயங்கி விழுந்தவளைத் தோழிகள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் கதை என்னவோ எல்லா வருஷமும் ஒன்றேதான்.

அவளிடம் கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய்? "பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சு மேடம்." மதியம்? "ரிகர்சல் இருந்துச்சு, டப்பாவைத் திறக்கவே இல்ல." ராத்திரி எப்போது படுத்தாய்? "ரெக்கார்டு எழுதி முடிக்க ஒன்றரை ஆச்சு." எழுந்தது? "அஞ்சு மணி." நடுவில் வேறு ஏதாவது? தோழி வாங்கிக் கொடுத்த எனர்ஜி டிரிங்க் ஒரு கேன். மாதவிலக்கு எப்படி? கொஞ்சம் தயங்கி, அப்பாவை வெளியே போகச் சொன்ன பிறகு, "ரொம்பப் போகும் மேடம், ஏழெட்டு நாள் ஆகும்" என்றாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள். ஹீமோகுளோபின் 8.6.

இன்னொன்றையும் தோழிகள்தான் சொன்னார்கள். அவள் ஆடும்போது விழவில்லை. தன் முறை வரட்டும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது விழுந்தாள்.

இவ்வளவையும் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அதான் மேடம், டான்ஸை நிறுத்திடலாம்" என்றார்.

இதனால்தான் இந்தக் கட்டுரை.

வெறும் வயிற்றோடு, மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு, இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு இருக்கும் பெண் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் விழுவாள். லேபில் நின்றாலும் விழுவாள். பிரேயரில் விழுந்திருந்தால் பிரேயரை நிறுத்தச் சொல்லிச் சீட்டு கேட்பீர்களா? ரிகர்சலில் விழுந்ததால் ரிகர்சல் குற்றவாளி ஆகிவிட்டது. அது விழுந்த இடம், அவ்வளவுதான். காரணம் வீட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் தலையணைக்குப் பக்கத்திலும் கிடக்கிறது.

என் மேசைக்கு எதிரே உட்காரும் பிள்ளைகளிடம் நேற்றைய நாளை மணிக்கணக்கில் எழுதச் சொல்வேன். ஏரியூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் போக வரப் பயணமே இரண்டு மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும். கல்லூரி ஆறு ஏழு மணி நேரம். வீட்டு வேலை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகவே இருக்கிறது. ரிகர்சல் எவ்வளவு நேரம் என்று பார்த்தால் ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி. அதுவும் வருஷத்தில் சில வாரங்கள்தான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒரு காலியிடம் வரும். "இங்க என்ன பண்ணின கண்ணு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். படுத்தபடி போன். குரூப்பில் யாரோ எதையோ போட, யாரோ பதில் போட, ரீல்ஸ் ஓட, மணி ஒன்று. இந்தக் காலியிடம் வருஷம் முழுக்க இருக்கிறது. டான்ஸ் இருக்கிற மாதத்திலும் இருக்கிறது, இல்லாத மாதத்திலும் இருக்கிறது.

டான்ஸை நிறுத்தினால் மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் படிப்புக்குப் போகும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. போனுக்குப் போகிறது. பறை அடித்துக்கொண்டிருந்த பையனின் கையிலிருந்து பறையை வாங்கி வைத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அவனே தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கம் வரவில்லை என்று வருகிறான். ஸ்கேன் வேறு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். (தேவையில்லாத ஸ்கேன் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) சாயங்காலம் நாலு பேரோடு வேர்த்து விறுவிறுத்து ஆடிவிட்டு வருவது அந்த வயதுக்கு உடற்பயிற்சி. நட்பும் அங்கேதான், மனசு இறங்கி நிற்கிற இடமும் அதுதான். நான் மருந்தாக எழுதிக் கொடுக்க நினைப்பதையே நிறுத்தச் சொல்லி என்னிடமே கையெழுத்துக் கேட்டால் கோபம் வராதா?

சீட்டு எழுதிக் கொடுத்தேன். வேறு சீட்டு. ஒரு வாரம் ஓய்வு, பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம், அதன் பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை, அதிக உதிரப்போக்குக்கு மகளிர் மருத்துவர், தினமும் காலை உணவு, ராத்திரி பதினொன்றுக்குள் படுக்கை. ஒரு வாரம் கழித்து நான் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மெதுவாக ஆடத் தொடங்கலாம்.

இப்போது பிள்ளைகளுக்கு.

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கம் 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். "எனக்கு நாலு மணி நேரம் போதும் மேடம்" என்று சொல்கிறவர்கள் பாதி வாக்கியத்தில் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கினால் வாரக் கணக்கு நேராகாது. திங்கட்கிழமை இன்னும் தாமதமாகத்தான் தூக்கம் வரும், அவ்வளவே. தேர்வுக்கு முந்தின நாள் நைட் அவுட் அடித்து விடிய விடியப் படிப்பது உளுந்தை ஊற வைக்காமல் கிரைண்டரில் போடுகிற வேலை. கிரைண்டர் சுற்றும், சத்தமும் வரும். படித்தது மண்டையில் தங்குவதே தூங்கும்போதுதான்.

"எங்க ஊர்ல விடிய விடிய கூத்து ஆடுறாங்களே, அவங்க என்ன செத்தா போயிட்டாங்க?" என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்விதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்க்காரனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். கூத்துக் கலைஞர் விடிய விடிய ஆடிவிட்டு அரிதாரத்தைக் கழுவிக் கஞ்சி குடித்துவிட்டுப் பகலில் படுத்துத் தூங்குவார். காலை ஒன்பது மணிக்கு அலைடு பேப்பர் இன்டர்னல் தேர்வு எழுதப் போக மாட்டார்.

ராத்திரி ரிகர்சல், குறும்பட ஷூட்டிங், மேடை அலங்காரம் எல்லாம் முடித்துவிட்டு பைக்கில் ஊர் திரும்புகிறவர்களுக்கு மட்டும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையசைவும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 30 மில்லிகிராம்தான். காலை ஐந்துக்கு எழுந்தவன் ராத்திரி பத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறுகிறான். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, போலீஸ் ஊதச் சொன்னாலும் மெஷின் ஒன்றும் சொல்லாது. தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் அந்த நிலையில் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து ஹாஸ்டலிலோ நண்பன் வீட்டிலோ படுத்துவிட்டு விடிந்து போங்கள். வீட்டுக்கு ஒரு போன் செய்துவிட்டால் போதும். பெற்றோரும் அந்த போனுக்குத் திட்டாதீர்கள்.

எனர்ஜி டிரிங்க். ஒரு கேன் விஷமில்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். அப்படியானால் 250 மில்லி கேனில் 75 வரை. ஏறக்குறைய ஒரு காபி. காபி குடிப்பது போலக் குடித்தால் சரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் வயிற்றில் ஏற்றிவிட்டு, மேலே டீக்கடையில் இரண்டு டீயும் அடித்தால்? நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், "ஹார்ட் அட்டாக் மேடம்" என்று ராத்திரி ஓடி வருவது. ராத்திரி பத்து மணிக்குக் குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். படித்து முடித்துப் படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் இந்த குளுக்கோஸ். "ஒரு பாட்டில் ஏத்திடுங்க, தெம்பா நின்னு ஆடிடுவா." அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறாது. இரண்டு மூன்று இட்லி அதைவிட அதிகம் கொடுக்கும், கையில் ஊசியும் ஏறாது. வாயால் சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறவருக்கு டிரிப் எதற்கு? நான் ஏற்றவில்லை என்றால் பக்கத்துத் தெருவில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ரத்தசோகை விஷயத்தில் பெண் பிள்ளைகளைக் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. உங்கள் டான்ஸ் குரூப்பில் பத்துப் பேர் இருந்தால் நாலைந்து பேருக்காவது இருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடாது. நம் ஊர்க் களி அருமையான சாப்பாடு, சுண்ணாம்புச்சத்து அதில் ஏராளம். ஆனால் 8.6-ஐ 12-க்குக் கொண்டுபோக அது மட்டும் போதாது. மாத்திரையை டீயோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு ரகசியத்தையும் உடைக்கிறேன். ரிகர்சல் நடக்கிற இடத்தில் கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றோடு, காய்ச்சலோடு வந்து நிற்கிறார்கள். இதற்கு நான் ஆன்டிபயாடிக் எழுதலாம். கழிப்பறையைக் கல்லூரிதான் கழுவ வேண்டும்.

முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் பரிமாறப் போகும் பையன்கள், ஓசூர்ப் பக்கம் நைட் ஷிப்ட் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவர்கள், இவர்களிடம் "எட்டு மணி நேரம் தூங்கு" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர்களுக்கு ஒன்றே ஒன்று: வேலை முடிந்த மறுநாள் மதியமாவது அரை மணி நேரம் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், பைக்கை அன்று தொடாதீர்கள். ஆசிரியர்களே, அவன் கடைசி பெஞ்சில் தூங்கினால் எழுப்பித் திட்டுவதற்கு முன்னால் நேற்று எங்கே இருந்தான் என்று கேளுங்கள்.

கலைநிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர்களுக்கு என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மாடல் எக்ஸாமுக்கு முந்தின வாரம் விழாவை வைக்காதீர்கள். ரிகர்சலை ஊர் பஸ் போவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ரிகர்சலுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) கொடுத்துவிட்டுப் பிறகு வருகைப் பதிவில் 75 சதவீதம் இல்லை என்று பிள்ளைகளை அலைய விடாதீர்கள், அந்தப் பதற்றமும் என்னிடம்தான் நெஞ்சுவலியாக வருகிறது. ஒரு மாதமாக அசையாத கால்களைச் சிமென்ட் தரையில் தினம் மூன்று மணி நேரம் ஆட வைத்தால் முழங்காலுக்குக் கீழே வலிக்கத்தான் செய்யும். இரண்டு வாரம் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால், எதிலும் பிடிப்பில்லை என்றால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தால்கூட, 14416 மனநல உதவி எண்ணுக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

யாராவது மயங்கி விழுந்தால் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தரையில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். முழுதாகத் தெளியும் வரை வாயில் சோடாவும் தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை, வலிப்பு வந்தது, நெஞ்சு வலிக்கிறது என்றால் 108. ஆடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்தாலோ, அந்தக் குடும்பத்தில் சின்ன வயதிலேயே யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, தெளிந்துவிட்டாள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், ஈசிஜி எடுக்காமல் மறுபடி மேடை ஏற்றாதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று தெரிந்த தோழி ஒருத்தியையும் ஆட்டோவில் கூடவே ஏற்றி விடுங்கள். அப்பா அம்மாவைவிட எனக்கு அவள்தான் உபயோகம்.